பெரியப்பா பெயர் எரிந்தால் சுருதி இறங்கும்

அடி அண்ணாமலை,
ஆடி மாதக் கடைசி, 1983.

மதிப்புக்குரிய பெரியப்பா ராஜமாணிக்கம் அவர்களுக்கு, தம்பி மகன் முருகையன் எழுதுவது.

மாரியம்மன் திருவிழாவில் எங்கள் கச்சேரியைக் கெடுத்தது உங்கள் பெயர்.

நீங்கள் கெடுத்ததாகச் சொல்லவில்லை. உங்கள் பெயர்தான். பலகையில் பல்பு வைத்து, மேடைக்கு நேர் எதிரே பந்தல் காலில் கட்டியிருந்த பெயர். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், உங்கள் வீட்டில் கடிதத்தைப் பெரியம்மாதான் படித்துக் காட்டுவார்கள். நலம் விசாரிப்பு முடிவதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ரைஸ் மில்லுக்குக் கிளம்பிவிடுவீர்கள். இனி நலம் எழுதுகிறேன். அம்மா நலம். கறவை மாடு நலம். பொட்டி நலம். நீங்களும் பெரியம்மாவும் மில்லும் மில்லின் புதுக் கூரையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொட்டி என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன இது, சவப்பெட்டியைத் தூக்கி மேடையில வெச்சிருக்கானுங்க” என்று சொன்னீர்களே, அதுதான். அது சவப்பெட்டி இல்லை, எலெக்ட்ரிக் ஆர்கன். அமெரிக்காவில் செய்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மணியம்மாள் வீட்டில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அவன் ஒருநாள் எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வடக்கே போய்விட்டான். துறந்தது அவன், தூக்கியது நாங்கள். மணியம்மாள் அதன் தலையில் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் டவுனில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன் என்று தெரிந்து ஆள் அனுப்பினார்கள். போனேன். “இது பாடுற பொட்டியாம்பா. எனக்கு எங்க பாடுது. எடுத்துக்கினு போ, அடுத்து வர வெள்ளைக்காரிக்குக் கட்டில் போட இடம் வேணும்” என்றார்கள். நாலு பேர் தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றினோம். கூடவே ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, அதுவும் பீரோ உயரம். அதற்குள்ளே மரத்தில் செய்த கொம்பு ஒன்று மோட்டாரில் சுற்றும். சத்தம் ஒரே பக்கமாக வராமல் வந்து போய், வந்து போய், அலை அடிக்கிற மாதிரி கேட்பதற்காக அந்த ஏற்பாடு. வரும் வழியில் வண்டி பள்ளத்தில் இறங்கியதில் அந்தக் கொம்பு உடைந்து மோட்டார் நசுங்கிவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் பிழைத்தது. அலை போய்விட்டது, சத்தம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நீங்கள் மில்லுக்குக் கிளம்புவீர்கள். ஒரு நிமிஷம். இது உங்கள் மில் மாதிரியே வேலை செய்கிற சாமான், அதனால் உங்களுக்குப் புரியும். உள்ளே ஒரு நீண்ட இரும்பு அச்சு. அதில் ரூபாய்க் காசு அகலத்தில் தொண்ணூறுக்கும் மேல் இரும்புச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்திலும் மேடும் பள்ளமுமாகப் பல் வெட்டியிருக்கும். எதிரே ஒரு காந்தக் கம்பி, அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. பல் ஒவ்வொன்றாகக் காந்தத்தைக் கடக்கும்போது செப்புக் கம்பியில் கரண்டு நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் விட்டால் பாட்டு. காற்று கிடையாது, தந்தி கிடையாது, தோல் கிடையாது, சக்கரம்தான் பாடுகிறது. நான் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடைக்கே போகவில்லை பெரியப்பா, சத்தியமாகச் சொல்கிறேன். ஓட்டுவதற்கே இரண்டு சுவிட்ச். முதல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ‘உய்ய்ய்’ என்று சக்கரம் வேகம் பிடிக்கும், பம்புசெட் இழுக்கிற மாதிரி. வேகம் வந்த பிறகுதான் இரண்டாவது சுவிட்ச். அதற்குள் வால்வெல்லாம் சிவந்து, சூடான தூசி வாசனையும் எண்ணெய் வாசனையும் வரும். ஆமாம், இதற்கு எண்ணெய் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை எடுத்து விட்டேன். அம்மா பார்த்துவிட்டு, “இதுக்கு மட்டும் எண்ணெய் விடுற, என் தலைய பாரு” என்றார்கள்.

கட்டைகளுக்கு மேலே வரிசையாக இழுப்புக் குச்சிகள், பழுப்பு, வெள்ளை, கறுப்பு. பழுப்பை இழுத்தால் உங்கள் மில்லில் தவிடு விழுகிற பக்கம் நின்றால் நெஞ்சில் ஒன்று அதிருமே, அந்த அதிர்வு வரும். வெள்ளையை இழுத்தால் அதன் மேல் ஒரு வெளிச்சம் ஏறும். கறுப்பை இழுத்தால் மூக்கால் பேசும். எல்லாவற்றையும் இழுத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால், முதலில் நெருப்புக்குச்சி உரசுகிற மாதிரி ‘டிக்’கென்று ஒரு சின்ன சத்தம், உடனே முழு சத்தமும் மொத்தமாக வந்து நிற்கும். ஆர்மோனியம் மாதிரி மெல்ல எழுந்து வராது. கதவைத் திறந்தால் ஆள் ஏற்கெனவே வாசலில் நிற்கிற மாதிரி. முதல் தடவை அழுத்தியபோது எங்கள் வீட்டு ஓட்டிலிருந்து ஒரு அணில் விழுந்தது.

வோல்டேஜைக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்பார்மர் வைத்துவிட்டேன். மிச்சம் ஒரே சிக்கல், இது கரண்டின் வேகத்தில் ஓடுகிற சாமான். கரண்டு ஒரு நொடியில் இத்தனை தடவை துடிக்கும் என்று கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அறுபது, நம் ஊரில் ஐம்பது. ஆகையால் இங்கே சக்கரம் மெதுவாகச் சுற்றும், சுருதி மூன்று கட்டை கீழே கிடக்கும். நான் மூன்று கட்டை மேலே தள்ளி வாசிக்கப் பழகிக்கொண்டேன். கரண்டு வேகமாகத் துடித்தால் சுருதி ஏறும், மெதுவாகத் துடித்தால் இறங்கும். அவ்வளவுதான் இதன் ரகசியம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் நான் ஆர்கன், பால்வாடி டீச்சர் சரோஜா பாட்டு, காலனி அர்ஜுனன் டிரம்ஸ். அர்ஜுனனின் அப்பா இதே மாரியம்மன் மேடைக்குக் கீழே, மண்ணில் நின்றுகொண்டே மேளம் அடித்துக் காலத்தை முடித்தவர். மேடையில் ஏறியது கிடையாது, ஏறக்கூடாது, அது வழக்கம். விழாக் கமிட்டித் தலைவர் தருமன் மாமா இந்த வருஷமும் அதையேதான் சொன்னார். அர்ஜுனன் கீழே நின்று அடிக்கட்டும், நீங்கள் இருவரும் மேலே என்றார். நான் விடவில்லை. இது மேளம் இல்லை, டிரம்ஸ், இதில் ஒன்றைக் காலால் மிதித்து அடிக்க வேண்டும், மண்ணில் வைத்தால் மிதிகட்டை புதைந்துவிடும், பலகைமேல்தான் வைக்க முடியும் என்றேன். கமிட்டியில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மனுஷனை மேலே ஏற்றுவதற்கு அவர்களிடம் நியாயம் இல்லை, மிதிகட்டையை ஏற்றுவதற்கு இருந்தது. “அப்ப உக்காந்துதானே அடிப்பான், நிக்க மாட்டானே?” என்று தருமன் மாமா கேட்டார். உட்கார்ந்துதான் என்றேன். சரி, உட்கார்ந்து அடித்தால் கணக்கில் வராது என்று முடிவானது. கோபத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அர்ஜுனன் மேடையில் ஏறப்போகிறான், எனக்கு அது போதும். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள்: கச்சேரியில் ஏதாவது கோளாறு வந்தால், வழக்கத்தை மீறியதால்தான் வந்தது என்று அர்த்தம், அடுத்த வருஷம் பேச்சே கிடையாது.

ஆகையால் மதியமே எல்லாவற்றையும் கட்டிச் சோதித்தோம். திருவிழா நாளில் லைன் கரண்டை யார் நம்புவது? நீங்கள் உபயமாக வாடகைக்கு எடுத்துக் கொடுத்த ஜெனரேட்டர் வந்திருந்தது, ஓட்டுகிறவர் பரசுராமன். அதில் பொட்டியைப் போட்டேன். சுருதி ஆணி அடித்த மாதிரி நின்றது. சரோஜா பாடிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு நம்மள யாரும் அசைக்க முடியாது” என்றாள். நானும் நம்பினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆரம்பித்தோம். முதல் பாட்டு, ஐயோ பெரியப்பா, முதல் பாட்டை நீங்கள் கேட்கவில்லை, நீங்கள் அப்போதுதான் காரில் வந்துகொண்டிருந்தீர்கள். நான் பழுப்பையும் வெள்ளையையும் முழுக்க இழுத்துவிட்டு ஆரம்பச் சுரத்தை அழுத்தினேன். மலையில் போய் அடித்துத் திரும்பி வந்தது. கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அர்ஜுனன் உள்ளே வந்து விழுந்தான் பாருங்கள், பலகை துள்ளியது. கயிற்றுக்கு வெளியே, அவர்களுக்கென்று விட்டிருந்த இடத்தில், அவன் அம்மா ஆராயி நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தது திறந்தபடி. நான் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் ஒரு கட்டை தப்பாகக்கூட அழுத்தினேன், யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டில் உங்கள் கார் வந்தது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பரசுராமன் உங்கள் பலகைக்கு சுவிட்சைப் போட்டார்.

சரோஜா பாட ஆரம்பித்து முதல் அடியிலேயே பொட்டி வழுக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, மாடிப்படியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி, ஒரு கட்டைக்கும் கீழே போய், அங்கேயே சற்று நின்று, திடீரென்று மேலே எகிறியது. மறுபடியும் இறங்கியது. மறுபடியும் எகிறியது. சரோஜா பொட்டியைத் துரத்திக்கொண்டு இறங்கினாள், அது எகிறியபோது பாவம் அவளுக்கு மூச்சு வாங்கியது. என் பக்கம் சாய்ந்து, “நான் பாட்டுக்குப் பாடணுமா, உன் பொட்டிக்குப் பாடணுமா?” என்று பல்லைக் கடித்தாள். நான் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். வால்வு போய்விட்டது என்று நினைத்தேன். ஊறுகாய் ஜாடியின் உப்பு உள்ளே இறங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன். வாசித்துக்கொண்டே பொட்டியை முழங்காலால் இடித்தேன். அது அதே படிகளில் அதே ஒழுங்கில் இறங்கியது.

பாட்டு முடிந்ததும் தருமன் மாமா மேடை ஓரத்துக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. பொட்டியைப் பார்க்கவில்லை. நேராக அர்ஜுனனைப் பார்த்து, “கீழ எறங்குடா. அப்பவே சொன்னேன், வழக்கத்த மீறினா ஆவாதுன்னு” என்றார். டிரம்ஸுக்கும் சுருதிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்தினேன். சுருதியே இல்லாத ஒரு சாமானை அடித்தவன் எப்படிப் பெரியப்பா சுருதியைக் கெடுப்பான்? யாரும் காதில் வாங்கவில்லை. அர்ஜுனன் குச்சிகளை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு இறங்கினான். இறங்கி, அவன் அப்பா நின்ற அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆராயி அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்கள்.

மூன்றாவது பாட்டு டிரம்ஸ் இல்லாமல். பொட்டி இறங்கியது. அர்ஜுனன் கீழே நிற்கிறான், கை கட்டியிருக்கிறது, பொட்டி இறங்குகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பொட்டியின் பாலிஷ் பலகையில் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. முதலில் ‘ரா’. பொட்டி ஒரு படி இறங்கியது. அப்புறம் ‘ஜ’. இன்னொரு படி. ‘மா’. ‘ணி’. நான் கட்டையிலிருந்து கையை எடுக்காமலே தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிரே உங்கள் பெயர் ஒவ்வொரு எழுத்தாக எரிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு எழுத்திலும் எவ்வளவு பல்பு, எவ்வளவு இழுப்பு! ‘க்’. ‘க’. ‘ம்’. ஏழு எழுத்தும் எரிந்து, சுற்றிலும் வைத்திருந்த பூ பார்டரும் எரிந்தபோது, பின்னால் ஜெனரேட்டர் ‘ம்ம்ம்’ என்று முக்கியது. பொட்டி அடியில் கிடந்தது. பலகை அணைந்தது. இன்ஜின் பாரம் விட்டு ஓடியது. பொட்டி எகிறியது. அவ்வளவுதான் பெரியப்பா. இன்ஜின் மெதுவானால் கரண்டு மெதுவாகத் துடிக்கும், கரண்டு மெதுவானால் சக்கரம் மெதுவாகும், சக்கரம் மெதுவானால் சுருதி இறங்கும். நீங்கள் ஏழு சுரத்தையும் இறங்குமுகமாகப் பாடிக்கொண்டிருந்தீர்கள், நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே, சோடா குடித்துக்கொண்டு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மேடையிலிருந்து குதித்துப் பரசுராமனிடம் ஓடினேன். அந்தப் பலகையை அணையுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்பா, உங்க பெரியப்பா எதிர்ல உக்காந்துக்கினு இருக்காரு. அவரு பேர நான் அணைக்கணுமா? எனக்கு அடுத்த வருஷமும் வேலை வேணாமா?” என்றார். வேண்டுமானால் ட்யூப் லைட்டெல்லாம் அணைக்கிறேன், ஜனம் இருட்டில் உட்காரட்டும், அம்மன் சன்னதி விளக்கைக்கூட கம்மி பண்ணலாம், அந்தப் பலகை மட்டும் ஆகாது என்றார். அங்கிருந்து உங்களிடம் ஓடி வந்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், சக்கரம், காந்தம், ஐம்பது, அறுபது எல்லாம். நீங்கள் கேட்டீர்கள். கேட்டுவிட்டு என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? “என் பேரு எரிஞ்சா உன் பொட்டிக்கு ஏன்டா வயித்தெரிச்சல்?” என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய் மிச்சப் பாட்டுகளையும் உங்கள் பெயரோடு சேர்ந்து ஏறி இறங்கி வாசித்து முடித்தேன்.

கமிட்டி இப்போது என்ன சொல்கிறது தெரியுமா? காலனி ஆளை மேடையேற்றியதால் அம்மன் கச்சேரியைக் கெடுத்தாள் என்கிறது. வரும் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு, இனி எந்த வாத்தியமாக இருந்தாலும், உட்கார்ந்து அடித்தாலும், மிதித்து அடித்தாலும், அவர்கள் கீழேதான் என்று தீர்மானம் செய்யப்போகிறார்கள். ஜெனரேட்டருக்கு ஜாஸ்தி பாரம் கொடுத்தவர் முன்வரிசையில், பாரமே கொடுக்காதவன் மண்ணில். எனக்கு அம்மன் மேல் கோபம் இல்லை. அவளுக்குக் கரண்டு பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும். மில்லில் புது மோட்டார் போட்டபோது லைட் மங்குகிறது என்று எத்தனை பேரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டீர்கள்? ஆகையால் நீங்கள் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர வேண்டும். வந்து எழுந்து நின்று, “சுருதியை இறக்கியது அர்ஜுனன் இல்லை, என் பெயர்” என்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் கச்சேரி முடியும்வரை பலகையை அணைத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். நீங்கள் சொன்னால் தருமன் மாமா கேட்பார், நான் சொன்னால் ரேடியோ கடைப் பையன் உளறுகிறான் என்பார்.

அண்ணாமலையார் உங்களுக்கு நீண்ட ஆயுளும், மில்லுக்கு நல்ல நெல்லும், ஜெனரேட்டர் உபயம் பண்ணுகிறவர்களுக்கெல்லாம் நல்ல புத்தியும் தரட்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கம். அம்மா உங்கள் இருவரையும் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்
முருகையன்

பின்குறிப்பு: பெரியப்பா, மேலே எழுதினதெல்லாம் அடிச்சிட்டுப் படிங்க. கவரை ஒட்டப் போகும்போது வாசல்ல ரெண்டு பேரு வந்து நின்னாங்க. செங்கம் பக்கத்துல ஒரு கோயில் கமிட்டி ஆளுங்க, அன்னிக்குக் கூட்டத்துல இருந்திருக்காங்க. அவங்க ஊரு திருவிழாவுக்கு அந்த அழுவுற பொட்டி வேணுமாம். நான் வீட்டு லைன்ல போட்டு, சுருதி நிக்க நிக்க அருமையா வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் மூஞ்சியைச் சுளிச்சாங்க. “இது இல்லப்பா. அன்னிக்கு இறங்கி இறங்கிப் போயி, குபீர்னு எழுந்துச்சே, மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சே, அது எங்க?” அப்படின்னாங்க. அது கரண்டு கோளாறுன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, கைவசம் வெச்சுக்கினு தர மாட்டேங்கிறேன்னு கோச்சுக்கிறாங்க. உடைஞ்சுபோன கொம்பு பண்ண வேண்டிய வேலையை உங்க பேரு பண்ணியிருக்குது பெரியப்பா. அதைவிட நல்லாவே பண்ணியிருக்குது, நாற்பது வருஷம் கழிச்சுக் கேட்டாலும் எனக்கு அந்த எறக்கம் மறக்காது. அன்னிக்குத் திட்டிக்கினே வாசிச்சதால எனக்கே தெரியல. டிரம்ஸும் கண்டிப்பா வேணுமாம், அந்த ஊர்ல மேடை எல்லாருக்கும் ஒண்ணாம், எவன் உக்காருறான் எவன் நிக்கிறான்னு அவங்க கேக்கவே இல்ல.

அதனால பலகையை அணைக்க வேணாம். எங்களுக்கு அனுப்புங்க. பல்பு, பார்டர், எழுத்து எழுத்தா எரிய வைக்கிற அந்த சுத்துற உருளை, எல்லாத்தோடவும் அனுப்புங்க. பெயிண்டர்கிட்ட கேட்டுட்டேன், எழுத்தை மாத்தி பல்பை வேற மாதிரி வைக்கிறது பெரிய வேலையில்லையாம். ‘அர்ஜுனன்’னு வெச்சா எழுத்து கம்மி, பூவை ஜாஸ்தி பண்ணிக்கலாம். பாரம் பாரம்தான், யார் பேரு எரியுதுன்னு பொட்டிக்குத் தெரியாது. அர்ஜுனன்கிட்ட சொன்னேன். “என் பேரு எதுக்குடா, மேல உக்கார எடம் கெடைச்சா போதாதா?” அப்படிங்கிறான். ஆராயி அக்காகிட்டயும் போயி சொன்னேன். இனிமே எந்தக் கச்சேரிக்கும் வரமாட்டேன்னாங்க. பையன் பேரு சிவப்பு பல்புல எரிஞ்சா வருவீங்களான்னு கேட்டேன். முந்தானையால வாயை மூடிக்கினாங்க.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நீங்க வந்தே ஆகணும், அதை மட்டும் அடிக்காதீங்க. வரும்போது கார் மேல பலகையைக் கட்டிக் கொண்டாந்து, அத்தனை பேர் எதிர்ல, உங்க கையாலயே உங்க பேரைக் கழட்டிட்டு அவன் பேரை மாட்டிக் கொடுப்பீங்களா, மாட்டீங்களா?